மூன்று சதவீத வேட்பாளர்

மாகாண ஆளுநர் தேர்தலுக்கு வாக்குப்பதிவு மொத்தம் முப்பத்தாறு மணி நேரம். வெள்ளி, சனி, ஞாயிறு, நாளுக்குப் பன்னிரண்டு. அந்த முப்பத்தாறு மணி நேரமும் வெனியமின் லூகிச் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். தனக்கு யாரும் ஓட்டுப் போட்டுவிடக் கூடாது.

அவர் வேட்பாளர்.

க்ளூக்வினோ இசைப்பள்ளியின் இயக்குநர் அவர். மனைவி லரிசா அங்கே பியானோ சொல்லித் தருகிறாள். நாலு வருடமாகக் கூரை ஒழுகுகிறது. மழைக்கு வாளி வைக்கும் ஒன்பது இடங்களும் லரிசாவுக்கு மனப்பாடம். இந்த வசந்தத்தில் பத்தாவது இடம் பியானோவுக்கு நேர் மேலே திறந்துகொண்டது.

ஜூன் மாதம் ஆளுநர் அலுவலகத்திலிருந்து கிளிம் எதுவார்தோவிச் வந்தார். வாளிகளைத் தாண்டித் தாண்டி நடந்து வந்து உட்கார்ந்தார்.

"தேர்தல் பந்தயத்துல ஆளுநர் தனியா ஓடினா நல்லா இருக்காது, வெனியமின் லூகிச். கூட நாலு பேர் ஓடணும். நீங்க நிக்கணும், கௌரவமாத் தோக்கணும். மூணு சதவீதம் போதும். கூரையை நாங்க பாத்துக்கறோம்."

போட்டியிடுவதற்கு வேண்டிய கவுன்சிலர்களின் கையெழுத்துகளையும் அவரே பையில் கொண்டுவந்திருந்தார்.

தொலைக்காட்சி விவாதத்துக்கு ஆளுநர் வரவில்லை. அவருடைய காலி நாற்காலியைப் பார்த்து வெனியமின் பத்து நிமிடம் பாராட்டிப் பேசினார். துண்டறிக்கைகள் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

"வேன்யா, உன் பேர்லயே டிக் போட்டுடட்டுமா?" என்று கடை வாசலில் வெனியமினை வம்புக்கு இழுத்தான் பள்ளியின் கொதிகலன்காரன் யெஃபிம்.

"கெடுத்துடாதேப்பா. கூரை இருக்கு."

"கூரை இருந்தா நீ ஏன்யா நிக்கறே?"

பக்கத்தில் நின்ற லரிசா சிரிக்கவில்லை.

சனிக்கிழமை இருவரும் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் ஓட்டுப் போட்டார்கள். வெனியமின் தன் வாக்குச்சீட்டை மடிக்காமல் வாக்குச்சாவடித் தலைவி ஜன்னா ருடோல்ஃபோவ்னாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். ஆளுநரின் பெயருக்கு எதிரே டிக், கொட்டை எழுத்து அளவில்.

"பாருங்க. நல்லாப் பாருங்க."

"உங்களை மாதிரி எதிரி கிடைக்க அவர் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள் ஜன்னா.

லரிசா தன் சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் வெனியமின் கேட்டார்.

"நீயும் அவருக்குத்தானே?"

"முட்டைக்கோஸ் வாங்கணும்" என்றாள் லரிசா.

ஞாயிறு இரவு எட்டு மணிக்குச் சாவடி மூடியது. எட்டு இருபதுக்கெல்லாம் முடிவுத்தாள் சுவரில் ஒட்டியாகிவிட்டது. நானூற்றுப் பதினெட்டு வாக்குகள், இருபதே நிமிடம். முட்டையை எண்ணுவதற்குக்கூட இதைவிட நேரம் ஆகும். ஆளுநருக்கு முந்நூற்று எண்பத்தொன்று. மற்ற மூவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்திருந்தார்கள். வெனியமின் லூகிச்சின் பெயருக்கு எதிரே பூஜ்யம்.

"மூணு சதவீதம்னு சொன்னாங்களே..." என்றார் அவர்.

"கூடிடப் போகுதேன்னு பயமா இருந்துச்சு. பத்திரமா இருக்கட்டுமேன்னு பூஜ்யமே எழுதிட்டேன்" என்று ஜன்னா குரலைத் தாழ்த்தினாள். "நீங்களே உங்களுக்குப் போடலை. நான்தான் பாத்தேனே. வேற எந்தக் கிறுக்கு போட்டிருக்கும்?"

வெனியமினின் முகம் மலர்ந்தது.

"பூஜ்யம்! கேட்டியா லரிசா? இனி கூரை உறுதி!"

கச்சேரிகளுக்கு மட்டும் போடும் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் இந்த மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு லரிசா பார்த்ததில்லை. தான் ஒரு ஆளே இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்த தாளுக்கு இந்தச் சந்தோஷம்.

கிளிம் எதுவார்தோவிச் தொலைக்காட்சிக்காரர்களோடு உள்ளே வந்தார். தோற்றவர் வாழ்த்துவதை நேரலையில் காட்ட வேண்டுமாம். அவர் நீட்டிய காகிதத்தை வெனியமின் தடங்கலில்லாமல் வாசித்தார். ஆளுநருக்கு நன்றி. நேர்மையான போட்டிக்கு நன்றி. அவருக்குப் பின்னால் சுவரில் அந்தத் தாள் தெரிந்தது. முத்திரை மை இன்னும் காயவில்லை.

நிருபர் பெண் ஒலிவாங்கியை லரிசாவின் பக்கம் திருப்பினாள்.

"உங்க ஊர்லயே அவருக்கு ஒரு ஓட்டுகூட விழலையே. வருத்தமா இருக்கா?"

கிளிம் சிரித்தபடி தலையாட்டினார். வெனியமின் அவள் முழங்கையைத் தொட்டார்.

"லரிசா, கூரை" என்றார் மெதுவாக.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. ஜன்னாவைப் பார்த்தாள்.

"நான் இவருக்குத்தான் போட்டேன்."