இருக்கையில் இருந்தார்களா?

1

இந்தக் கதை ஒரு சமோசாவில் தொடங்கியது. மும்பையில் செம்பூரில் உள்ள ஓர் ஆசிரியர் பயிற்சி நிலையம், போர் நடக்கும் ஒரு நாட்டின்* வருங்கால ஆசிரியர்களுக்கு இணையவழியில் பயிற்சி தரப்போவதாக விழா எடுத்தது. ஐந்து பேர் பேசினார்கள். ஐவருமே போரை ‘சவால்’ என்றார்கள். எனக்குச் சமோசா கிடைத்தது.

(*பெயர் எழுதவில்லை. எழுதி முடிப்பதற்குள் இன்னொரு நாடு சேர்ந்துவிடுகிறது.)

2

போர்மேகங்கள் சூழ்ந்த மண்ணில் கல்வி எனும் விளக்கேந்தி—

(வேண்டாம். இது மூன்றாவதாகப் பேசியவருடையது.)

ரெபேக்கா தாராவிக்காரி. அந்த நிலையத்தில் இருபது வருடமாக மாதிரி வகுப்புகளுக்கு மதிப்பெண் போடுகிறவள். அன்று மடிக்கணினித் திரையில் ஜுவைரியா என்ற பயிற்சி மாணவி, ஒன்பது பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். ரொட்டியை நாலாகக் கிழித்தது வரை நன்றாகவே போயிற்று. திடீரென்று சங்குச் சத்தம். பக்கத்துத் தொழிற்சாலைச் சங்கு என்று நினைத்த ரெபேக்கா, எழுந்துபோய்த் தன் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பினால், திரையில் வெறும் மேசைகள். அடியில் குட்டிக் குட்டிச் செருப்புகள். கீழேயிருந்து ஜுவைரியாவின் குரல்: “பாதியும் பாதியும் சேர்ந்தா?”

பழக்கம் விடுமா? ‘மாணவர்கள் இருக்கையில் இருந்தார்களா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று குறித்தாள். ஐந்து மதிப்பெண் போயிற்று. தேர்ச்சிக்கு மூன்று குறைந்தது.

3

நிலைய இயக்குநர் ஞானசீலன் (நல்லவராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை) டீ உறிஞ்சினார். மனசு கேட்காமல் ரெபேக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

“சார், குண்டு விழும்போது பிள்ளைக எப்படி சார் சீட்ல இருக்கும்?”

“எனக்குத் தெரியும்லா ரெபேக்கா. ஆனா ஃபார்ம்ல குண்டுக்குக் கட்டம் இல்லியே. ‘ஆம்’னு போட்டுருங்க, சோலி முடிஞ்சிது.”

“பொய் எழுதச் சொல்லுதீங்களா?”

“அரே, அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா. அஞ்சு மணி வரைக்கும்தான் மார்க்க மாத்தலாம், அப்புறம் போர்ட்டல் மூடிரும்.”

4

அதற்குள் ஜுவைரியாவே அழைத்தாள். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டாள். (ஆங்கிலத்தில்தான் பேசினாள். என் கதையில் எல்லோருக்கும் தமிழ் வரும்.)

“தப்பு என்மேலதான் மேடம். அடுத்த தடவை சங்கு ஊதினாலும் பிள்ளைங்கள எழும்ப விடமாட்டேன்.”

“ஐயோ, அப்படி மட்டும் செஞ்சிராத தாயி!”

“அப்ப மார்க்?”

5

ஒரு வரைவில் ரெபேக்கா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தாள். ‘இதை நிரப்புவது கட்டாயம்’ என்றது போர்ட்டல். இன்னொரு வரைவில் ஞானசீலன் மனம் திருந்தி—

(நானே நம்பவில்லை.)

மணி நாலு ஐம்பத்தாறு. ‘இல்லை’ என்றால் உண்மை நிற்கும், ஜுவைரியா ஆசிரியை ஆகமாட்டாள். ‘ஆம்’ என்றால் ஆவாள். பிள்ளைகளை உட்காரவைப்பதுதான் சரி என்று நினைத்துக்கொண்டே ஆவாள்.

எழுதிய நான் இருக்கையைவிட்டு எழவில்லை. படித்த நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நம் இருவருக்கும் முழு மதிப்பெண். ஜுவைரியாவுக்கு நீங்களே குறியுங்கள்:

ஆம் ☐  இல்லை ☐