கழற்றிய குழாய்

அவள் ஷெட்டில் நின்ற அப்பாவின் வேன் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். அப்பாவின் உடல் மருத்துவமனையிலிருந்து மதியம்தான் வரும். வீட்டுக்குள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

நேற்று நல்ல மழை. இந்த ஷெட்டின் கதவு சாத்தியிருந்தது, உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து திறந்தபோது புகைக்கு நடுவே அப்பா டிரைவர் சீட்டில் சாய்ந்து கிடந்தாராம்.

சித்தப்பா வந்து நின்றார். "இங்க என்னம்மா பண்ற?"

"சும்மா பாக்குறேன் சித்தப்பா."

"பாத்து என்ன ஆகப்போகுது? புகை டெஸ்ட்ல வண்டி தேறலன்னு ஓட்ட விடாம நிறுத்துனதுல இருந்தே அண்ணன் முகத்துல ஈயாடல. அந்த மனுஷனுக்கு வேற பொழப்பும் தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "கேக்குறவங்ககிட்ட நெஞ்சு வலின்னு சொல்லிட்டு இருக்கேன். நீயும் அப்படியே சொல்லிடு."

அப்பா தானே உயிரை விட்டுவிட்டதாக அவர் நினைக்கிறார் என்று புரிந்தது. இன்ஜின் பக்கம் குனிந்தாள்.

பஸ் டிப்போவில் அவளும் மெக்கானிக்தான். ஆனால் இந்த மாதிரி பழைய கார்புரேட்டர் வண்டியில் கை வைத்தது அப்பாவோடு மட்டுமே. இன்ஜின் சீராக ஓடாமல் ஏறி இறங்கினால், எங்கோ காற்றுக் கசிகிறது என்று அர்த்தம். அப்பா இன்ஜினை ஓடவிட்டபடியே மெல்லிய ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, குழாயின் வாயில் ஒரு ஸ்குரூவைச் செருகி அடைத்து, இன்ஜின் காற்றை இழுக்கும் அளவைக் காட்டும் வேக்கம் கேஜைப் பார்ப்பார். முள் அப்போதும் ஆடினால் அடுத்த குழாய்.

கேஜ் வைப்பரில் தொங்கியது. இரண்டு குழாய்கள் அடைக்கப்பட்டிருந்தன. மூன்றாவது, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் வால்வுக்குப் போவது. அது கழன்று வாய் பிளந்து கிடந்தது. அதை அடைக்க வேண்டிய ஸ்குரூ வண்டிக்குள், டிரைவர் சீட்டுக்குக் கீழே கிடந்தது. புகையில் அவருக்குத் தலை சுற்றியிருக்கும். ஸ்குரூவைக் கையில் வைத்துக்கொண்டே போய் உட்கார்ந்திருக்கிறார்.

சாக முடிவு செய்தவர் மூன்றாவது குழாயைக் கழற்றமாட்டார்.

அம்மா சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"அம்மா, அப்பா வேலைதான் பாத்துட்டு இருந்திருக்காரு. பாதி வேலை அப்படியே கிடக்கு. சித்தப்பா நினைக்கிற மாதிரி எதுவும் இல்ல."

அம்மா அடுத்த டம்ளரை எடுத்தாள்.

"கதவ ஏன் சாத்துனாருன்னுதான் தெரியல. இன்ஜின் ஓடும்போது சாத்தவே மாட்டாரு."

அம்மா தண்ணீர்க் குழாயை மூடினாள். "நான்தான் சாத்துனேன்."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"புகை வீட்டுக்குள்ள வந்துச்சு. காலைல இருந்து அதே உறுமல். போதும் நிறுத்துங்கன்னு கத்துனேன், காதுலயே வாங்கல. போயி இழுத்துச் சாத்திட்டு வந்துட்டேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "தாழ்ப்பாள் போடல. தொறந்துக்குவாருன்னு நினைச்சேன். அவரா சாத்திக்கிட்டாருன்னு உன் சித்தப்பா சொன்னப்ப நான் வாயத் தொறக்கல."

அதற்குள் சித்தப்பாவே சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். "ஆஸ்பத்திரில இருந்து கிளம்பிட்டாங்களாம்."

"சித்தப்பா, அப்பா வண்டியில வேலை பாத்துட்டு இருந்திருக்காரு. குழாயெல்லாம் கழட்டுனபடியே இருக்கு. எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லுங்க."

"அப்ப கதவு?"

"சாரல் அடிச்சிருக்கும். அவரே சாத்தியிருப்பாரு."

சித்தப்பா மெல்லச் சுவரில் சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

உடல் வந்தது. மருத்துவமனையில் முகத்தைத் துடைத்திருந்தார்கள், கைகளை விட்டுவிட்டார்கள். நகங்களுக்குள் கருப்பாக கிரீஸ்.

"மண்ணெண்ண கொண்டா," என்றாள் அம்மா, சாதாரணமாகத்தான்.

மகள் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா பழைய துணியை நனைத்து, அவருடைய வலது கையை மடியில் வைத்து, கட்டைவிரலிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். மகள் மறுபக்கம் போய் உட்கார்ந்து இடது கையை எடுத்துக்கொண்டாள்.

அம்மா நிமிர்ந்து பார்க்காமலேயே துணியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை நீட்டினாள்.