உட்கார்ந்த உடனே

மாவட்டச் சிறார் எழுத்தாளர் சங்கத்தின் வெள்ளிவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கையில், சங்கக் கட்டடத்தின் மேடையில் சிறப்பு விருந்தினருக்காக வாங்கிப் போட்டிருந்த நாற்காலியில் ஒரு நீர்யானை வந்து உட்கார்ந்தது. கதவு பூட்டியபடியே இருந்தது. சன்னல்களில் கம்பி இருந்தது. பெருக்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, மேடையின் மற்ற இடங்களையெல்லாம் பெருக்கி, நாற்காலிக்கு அடியில் மட்டும் பெருக்க முடியவில்லை என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

யாரும் பதறவில்லை. சங்கத்தின் புத்தகங்கள் இப்படி எதையாவது செய்து பழக்கப்பட்டவை. பல் டாக்டரம்மா பால்பற்களைப் பற்றி எழுதிய புத்தகம் வந்ததிலிருந்து, மாவட்டம் முழுவதும் பிள்ளைகளின் பால்பற்கள் முதல்நாளே தகவல் சொல்லி, விழும்போது நன்றியும் சொல்லிவிட்டு விழுகின்றன. கூச்ச சுபாவமுள்ள கடைவாய்ப் பற்கள் மட்டும் சொல்லாமல் போய்விடும். தபால்காரர், விலாசத்தைத் தொலைத்த மேகத்தைப் பற்றி எழுதினார். அந்த வருஷக் கோடையில் ஒரு மேகம் தெருத் தெருவாக வந்து, கதவு எண்களைப் பார்த்து, பச்சைச் சன்னல் வைத்த ஒரு வீட்டின் மேல் மட்டும் பெய்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளியோடு ஓடிவந்தபோது, உங்கள் பெயருக்கு எதுவும் வரவில்லை என்றது. செயலாளர் கணக்கு சார் எழுதிய வாய்பாட்டுக் கதைகளின் பலனாக, ஏழு என்ற எண் நேரிலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்து, இத்தனை காலம் பிள்ளைகளைப் படுத்தியதற்கு வருத்தம் தெரிவித்தது. எட்டு இன்னும் வரவில்லை. அதற்குத் திமிர் என்கிறார்கள். பக்கத்து மாவட்டங்களில் பெரியவர்களுக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, பட்டங்களும் பரிசுகளும் உண்டு. அவர்கள் எழுதியதைக் கேட்டு ஒரு பூனையாவது திரும்பிப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

நீர்யானையை எழுதியது ஊசிக்கார அக்கா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் அவள் வாய் திறக்க மாட்டாள். சங்கக் கூட்டங்களைக் கதவோரம் நின்றபடியே கேட்டுவிட்டு, நன்றியுரைக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆனால் ஒரு பிள்ளையின் கை அவள் கைக்குள் வந்துவிட்டால் போதும், பேச்சு தானாக வரும். ரப்பர் பட்டையைக் கட்டும்போது கதை தொடங்கும். பஞ்சால் துடைக்கும்போது அதற்குள் ஒரு விலங்கு வந்துவிடும். ஊசி நுழைவது எந்தப் பிள்ளைக்கும் தெரியாது, ஏனென்றால் சரியாக அந்த நேரம் பார்த்து அந்த விலங்கு ஏதாவது வம்பில் மாட்டியிருக்கும். ஊசி வெளியே வந்ததும், "முடிஞ்சுது கண்ணு, பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோ. அடுத்து யாரு?" என்பாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் சொன்ன எந்தக் கதைக்கும் முடிவு இருந்ததில்லை. தேவைப்படவுமில்லை.

சர்க்கரை பார்க்கப் போன தபால்காரர் ஒருநாள், தனக்கு முன்னால் இருந்த சிறுமிக்கு அவள் சொன்ன நீர்யானைக் கதையில் சொக்கிப்போனார். உட்கார ஓர் இடம் தேடி ஊரெல்லாம் அலையும் நீர்யானை அது. பூங்காவில் பெஞ்சு உடைகிறது. ஊஞ்சல் அறுந்து விழுகிறது. முடிதிருத்தும் கடையின் சுழல்நாற்காலி சுற்றிய சுற்றில் அதற்குத் தலை கிறுகிறுக்கிறது. கடைசியில் ஒரு மேடைமேல் பெரிய நாற்காலி ஒன்று கிடைத்து அதில் உட்காருகிறது. தபால்காரர் விடாமல் வற்புறுத்தி அவளை எழுத வைத்தார். சங்கம் அச்சிட ஒப்புக்கொண்டது. அச்சுக்குப் போகுமுன் சங்கத்தின் மூத்தவர்கள் ஒவ்வொருவரும் அதைப் படித்தார்கள். கடைசித் தாள் இன்னொருவரிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஆகவே புத்தகம், "நீர்யானை நாற்காலியில் உட்கார்ந்தது. உட்கார்ந்த உடனே" என்பதோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட இல்லை.

புத்தகம் நன்றாக விற்றது. படித்த பிள்ளைகள் எல்லாரும் "அப்புறம்?" என்று கேட்டார்கள். பதில் கிடைக்காததால் அந்தக் கேள்வி அவர்கள் வாயிலேயே தங்கிவிட்டது. வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவு எடுத்தால், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் வகுப்பு மொத்தமும் அப்புறம் என்றது. தையற்கடைக்காரர் தன் மகனைப் போய்த் தூங்கச் சொன்னார். அப்புறம் என்றான். காலையில் எழுந்திருக்க வேண்டும் என்றார். அப்புறம் என்றான். அவர் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே போய், மகனைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்து, கடையை அவன் கையில் கொடுத்து, வயதாகி, கடைசியில் தன்னுடைய சாவு வரைக்கும் வந்துவிட்டு, மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்கும் அவன் அப்புறம் என்றான்.

அக்காவின் வீட்டிலும் அதே கதிதான். தம்பி குடும்பத்தோடுதான் அவள் இருந்தாள். தம்பி மனைவி ஒருநாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"அண்ணி, உங்க நீர்யானையை ஒண்ணு எழுப்பி விடுங்க, இல்ல சாகடிங்க. உங்க மருமக என் உயிரை வாங்குறா."

"சாகடிக்கிறதா? அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"அப்புறம்?" என்றாள் தம்பி மகள்.

இப்படி ஒரு மாவட்டமே சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்ததால்தான் நீர்யானை, கதை நின்ற இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது என்பதைச் சங்கத்தார் எளிதில் புரிந்துகொண்டார்கள். முடிவு ஒன்றைக் கொடுத்தால் எழுந்து போய்விடும் என்று நினைத்தார்கள். முடிவு எழுதுவதில் அனுபவமுள்ளவர்கள் அங்கே நிறைய. கணக்கு சார் மேடையேறி, உட்கார்ந்த உடனே பெரியவர்கள் வந்தார்கள், நீர்யானை மரியாதையாக எழுந்து இடம் கொடுத்தது, நாமும் அவ்வாறே நடக்க வேண்டும் என்று வாசித்தார். நீர்யானை இரண்டு காதுகளையும் மூடிக்கொண்டது. பல் டாக்டரம்மா, உட்கார்ந்த உடனே அதற்குப் பல் துலக்க மறந்தது நினைவுக்கு வந்தது என்றார். நீர்யானை ஆர்வமாக வாயைத் திறந்தது. அவர் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு, டார்ச்சை வாங்கி உள்ளே பார்த்து, இரண்டு சொத்தைப் பற்களை அடைத்து, இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். தபால்காரர், அதற்கு ஒரு கடிதம் வந்தது என்று தொடங்கினார். அலமாரியை இழுக்கிற மாதிரி ஒரு குரலில் நீர்யானை "அப்புறம்?" என்றது. கடிதத்தில் என்ன இருந்தது என்று சொன்னார். அப்புறம் என்றது. பதில் கடிதத்தில் என்ன இருந்தது என்று சொன்னார். மறுநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை.

செயற்குழு கூடியது. கணக்கு சார் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கு விடை வராத கணக்கைக் கண்டால் ஆகாது. விழா மேடையில் அந்தக் கதைக்கு முடிவு கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் புத்தகத்தைக் கடைகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் திரும்ப எடுத்துக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவது என்று முடிவானது. புத்தகம் போனால் நீர்யானையும் போய்விடும். முடிவு கிடைத்ததா இல்லையா என்பதைப் பிள்ளைகளை வைத்தே தீர்மானிப்பது, ஒரு பிள்ளை அப்புறம் என்று கேட்டாலும் அது முடிவு ஆகாது.

"இது போனா என்னம்மா, இன்னொண்ணு எழுதிக்கலாம்" என்றார் கணக்கு சார்.

"சரிங்க சார்" என்றாள் அக்கா.

அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது. வேலைக்குப் போகும்போது புத்தகக் கடை இருக்கும் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போய், கண்ணாடிக்குப் பின்னால் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிற வழக்கம் அவளுக்கு உண்டு. கடைக்காரர் ஒருமுறை உள்ளே கூப்பிட்டபோது, பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று சொன்னாள். அந்தத் தெருவில் பஸ் வராது. செயற்குழு முடிந்த நாளிலிருந்து அவள் முடிவு எழுதப் பார்த்தாள். உட்கார்ந்த உடனே என்று எழுதுவாள். அந்த இடம் வந்ததும் கை தானாகப் பேனாவை வைத்துவிட்டுப் பஞ்சைத் தேடும்.

விழாவன்று அரங்கம் பிள்ளைகளால் நிரம்பியிருந்தது. சிறப்பு விருந்தினராக வந்த கலை பண்பாட்டுத் துறை அதிகாரி, தன் நாற்காலியைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, முதுகுக்கு நிற்பதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். வரவேற்புரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அரங்கமே அப்புறம் என்றதால், ஐந்து நிமிடத்துக்கு எழுதிவந்த உரை சங்கத்தின் முழு வரலாறாக நீண்டது. இருபத்தைந்து ஆண்டுச் சாதனைகளும் ஒன்று விடாமல் அன்றுதான் முதல்முறையாகச் சொல்லப்பட்டன. அரங்கத்துக்கு வெளியே அந்த மேகம் வந்து நின்று தன் பெயர் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் போனது. அதன்பிறகு கணக்கு சார் ஒலிபெருக்கியில் ஊசிக்கார அக்காவைக் கூப்பிட்டார். அவள் கதவோரம் நின்றிருந்தாள். காலையில் நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை. விடிந்ததிலிருந்து நின்ற கால். தபால்காரர் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளிவிட்டார்.

மேடையேறியதும் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் இருந்ததைப் பிடித்தாள். அது நீர்யானையின் முன்கால். பிடித்ததும் விரல்கள் தம் பழக்கத்தில் நரம்பைத் தேடித் தட்ட ஆரம்பித்தன. நீர்யானை, எல்லாப் பிள்ளைகளையும் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"ஒண்ணும் இல்ல கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்" என்றாள் அக்கா. பேச்சு வந்துவிட்டது. பெஞ்சு உடைந்தது, ஊஞ்சல் அறுந்தது, சுழல்நாற்காலி சுற்றியது. நிலையத்தில் சொல்வதைப் போலவே சொன்னாள். பிள்ளைகள் உடைகிற இடத்தில் சிரித்தார்கள், சுற்றுகிற இடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். தன் கதையைத் தானே முதல்முறையாகக் கேட்ட நீர்யானை, அந்த முடிதிருத்தும் கடைப் பகுதியில் வயிறு குலுங்கச் சிரித்ததில் மேடையின் பலகை ஒன்று விரிசல் விட்டது. நீர்யானை நாற்காலியில் உட்கார்ந்தது, உட்கார்ந்த உடனே என்ற இடம் வந்தது. வழக்கமாக அவள் ஊசியை எடுக்கிற இடம் அது. ஊசியே போடாததால் எடுக்க எதுவும் இல்லை.

"அப்புறம்?" என்றது அரங்கம். "அப்புறம்?" என்றது நீர்யானை.

அக்கா அதன் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே சுத்தமாக உணர்வே இல்லை.

"அப்புறம் என்ன அப்புறம்? கொஞ்சம் தள்ளி உக்காரு. நானும் காலையிலேருந்து நிக்கிறேன்."

நீர்யானை யோசித்தது. பிறகு இடது பக்கமாக நகர்ந்தது. நாற்காலி முனகியது. கைப்பிடிக்கும் நீர்யானைக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் உண்டாயிற்று. அக்கா புடவையை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, "அப்பாடா" என்றாள். சங்கத்தில் சேர்ந்த பிறகு அவள் உட்கார்ந்து யாரும் பார்த்தது அதுதான் முதல்முறை.

அரங்கத்திலிருந்து அப்புறம் வரவில்லை. கணக்கு சார் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். யாராவது எதையாவது கேட்க வேண்டுமா என்று நேர்மையாகக் கேட்டார். மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், ஒண்ணுக்குப் போகணும்" என்றான் அந்தப் பையன்.

முடிவு ஏற்கப்பட்டதாகக் கணக்கு சார் அறிவித்தார். விடை தன் வழிமுறையில் வரவில்லை என்றாலும் சரியாக இருக்கிறது என்று பிற்பாடு தபால்காரரிடம் ஒப்புக்கொண்டார். அதிகாரி, அக்காவுக்கும் நீர்யானைக்கும் சேர்த்து ஒரே சால்வையைப் போர்த்தினார். பெரும்பகுதி நீர்யானைக்கே போய்விட்டது. அக்கா நன்றியுரை முடியும்வரை இருந்தாள். அடுத்த பதிப்பில் கடைசிப் பக்கம் சேர்ந்தது. அதைப் படித்த பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விளையாடப் போனார்கள். தையற்கடைக்காரரின் மகன், அப்பா செத்த பிறகு என்ன என்று கேட்பதை நிறுத்தினான்.

நீர்யானை போகவில்லை. போக வேண்டும் என்று தீர்மானத்தில் எங்கும் எழுதவில்லை என்பதைப் பல் டாக்டரம்மா எடுத்துக்காட்டினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடைத்த பற்களைப் பார்க்க வேண்டும் என்பதும் அவருக்கு இருந்தது. அடுத்த ஆண்டுகளில் அக்கா இன்னும் ஏழெட்டுப் புத்தகங்கள் எழுதினாள், எல்லாவற்றுக்கும் முடிவோடு. ஒவ்வொன்றையும் நீர்யானையின் முன்காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுத்தாள். மற்ற உறுப்பினர்களும் தங்கள் பிரதிகளைக் கொண்டுவந்து அதன் எதிரில் வாசித்தார்கள். அறிவுரை வரும் இடங்களில் அது காதை மூடிக்கொள்ளும். கணக்கு சார் அந்த வரிகளைப் பென்சிலால் அடித்துவிடுவார், முதலில் வருத்தத்தோடு, பிறகு பழகிப்போய். மாவட்டத்துப் புத்தகங்கள் மெலிந்தன. மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளும் தேடி வாங்கினார்கள்.

போன விழாவுக்கு வெளியூர்ப் பதிப்பாளர் ஒருவர் வந்திருந்தார். மேடையில் நீர்யானையும் அக்காவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருந்த தம்பி மனைவியிடம், விரலை நீட்டி, "அது... அங்க பெரிய நாற்காலியில... அது யாருங்க?" என்றார்.

"அதுவா? எங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி பெருமையாக. "ரொம்ப நல்லா எழுதுவாங்க."