குப்புறப் படுத்தவன் கண்ட தேர்வு

1

இந்தக் கதை கிடைத்தபோது நான் குப்புறப் படுத்திருந்தேன். எழுத்தாளனுக்கு அழகான கோலம் இல்லைதான், என்ன செய்வது? மசாஜ் பயிற்சிப் பள்ளியில் இறுதித் தேர்வு. தேர்வுக்கு உடம்புகள் தேவை என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். என் இடது தோளோ மாதக்கணக்கில் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. மேல் தட்டில் இருக்கும் அகராதியை எடுக்கக்கூட அந்தக் கையைத் தூக்க முடியாது. சரி, சும்மா கிடக்கிற உடம்புதானே என்று கொடுத்துவிட்டேன்.

மசாஜ் மேசையின் தலைமாட்டில் முகத்தைப் பதிக்க ஒரு துளை இருக்கும். அதன் வழியே எனக்குத் தெரிந்தது கொஞ்சம் தரையும் அங்கே வந்துபோன கால்களும்தான். ஆகவே, இந்தக் கதையில் குரலும் கால்களும் நான் கண்டவை, கேட்டவை. மனசுக்குள் ஓடியதாக எழுதுவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "அவள் விரல்களில் ஏதோ ஒரு தெய்வீக சக்தி

இதை முடிக்கவில்லை. அந்தப் பள்ளியில் இப்படிப் பேசினால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல் என்பது அங்கே சட்டம். எனக்கும் அது பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "முப்பத்தைந்து வயதான, முன்பு பேருந்து நடத்துநராகப் பணியாற்றிய

இது வேலைக்கு மனுப் போடுவது மாதிரி இருக்கிறது. விட்டுவிடுவோம்.

மூன்றாவது தேறும். என் உடம்பில் செய்து காட்டித் தேர்வு கொடுக்க இருந்தவளை வகுப்பில் எல்லோரும் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகிய கால்கள் அவளுக்கு. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் அசைக்க முடியாது. பேருந்து வேலையை விட்டபின் அக்காவின் பார்லரில் மசாஜ் செய்தாள். அங்கிருந்துதான் இந்தப் படிப்புக்கு வந்தாள்.

நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கை வேலையாக இருந்ததால் ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.*

"எதுக்குடி இந்தப் பரீட்சையெல்லாம்? நம்ம பார்லர்ல யாராவது உன்கிட்ட எலும்புப் பேரு கேட்டாங்களா? கழிவெல்லாம் வெளியேறிடும், நிறைய தண்ணி குடிங்கன்னு சொன்னா சந்தோஷமா போறாங்க" என்றாள் அக்கா.

"எந்தக் கழிவுக்கா? எங்கேர்ந்து எங்க போகுது?"

"அது உனக்கெதுக்கு? போகுதுல்ல, விடு."

"போகலக்கா. அப்படி எதுவும் போகல. தினமும் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே கசந்துபோச்சு. இன்னிக்குப் பாஸானா ஆஸ்பத்திரி வேலை. அங்க யாரும் என்னைப் புளுகச் சொல்ல மாட்டாங்க."

"ஃபெயிலானா?"

"எலும்பையும் தசையையும் மாத்திச் சொன்னா ஃபெயில்தான். அப்புறம் அடுத்த வருஷம் வரைக்கும் உன் பார்லர்ல தண்ணி குடிங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

(* சரி, கொஞ்சம் ஒட்டுக்கேட்டேன்.)

3

தேர்வு தொடங்கியது. மதிப்பெண் போட வந்த தேர்வாளர் வெள்ளைக் காலணியோடு சுவரோரமாக நின்றுகொண்டார். கண்டக்டர் வெறுங்காலோடு வந்தாள்.

"சார், முதுகுல கை வைக்கலாமா?"

"வையுங்க."

"தோளுக்குப் போகலாமா?"

ஒவ்வொரு இடத்துக்கும் கேட்டாள். பேருந்தில் எத்தனை பேரைக் கேட்காமலே தள்ளி உள்ளே ஏற்றியிருப்பாள். இங்கே அவள் கை ஒரு சாண் நகரவும் என் சம்மதம் வேண்டியிருந்தது. என் உடம்பு என்னுடையது என்று இத்தனை வயதில் முதல்முறையாக யாரோ எனக்குச் சொல்வதுபோல் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கழுத்துக்கும் இடது தோளுக்கும் நடுவே, கொஞ்சம் பின்னால், அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஒரு முடிச்சு இருக்கு, சார்."

"ஆமா, அங்கேதான், அங்கேயேதான்."

"சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்றார் தேர்வாளர்.

"தசை முடிச்சை இளக்குறேன், மேடம்."

மெதுவாக அழுத்தினாள். பிறகு அந்த இடத்தைச் சுற்றி நீவினாள். ஒரு கையை எடுக்கும் முன் மறு கை வந்து உட்கார்ந்துவிடும். ஒரு நொடிகூட என்னைத் தனியே விடவில்லை. என் மூச்சு எப்போது நீண்டது என்று எனக்கே தெரியாது. கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். தூக்கினேன். மக்கர் பண்ணிய கை சொன்ன பேச்சைக் கேட்டு மேசையைத் தாண்டி எழுந்தது.

(இந்த இடத்தில் ஒரு வியப்புக்குறி போடலாம் என்று பார்த்தேன். அது போதாது.)

4

இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அழுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டியதை அவள் பதற்றத்தில் மறந்திருந்தாள். அனுமதி கேட்டு வலது தோளுக்குப் போனாள். அதே இடத்தில் விரலை வைத்தாள்.

வெறுங்கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

அங்கேயும் அதே முடிச்சு. அதே அளவு, அதே கூர். வலிக்காத தோளில் அதே முடிச்சு எப்படி வரும்? அவளுக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நேரம் அவள் இளக்கிக்கொண்டிருந்தது தோள்பட்டை எலும்பின் மேல் மூலை. மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் இருக்கும் மூலை. புதிதாகக் கற்கிறவர்கள் அதை முடிச்சு என்று நினைத்து நாள்கணக்கில் தேய்ப்பார்களாம். எலும்பு எங்கே இளகப் போகிறது?

தேர்வாளர் என்னைத் தொடவில்லை. அவருக்குத் தெரிய வழியே இல்லை. நானோ வலி போய்விட்ட மகிழ்ச்சியில் இருந்தேன். வாயை மூடிக்கொண்டால் அவள் பாஸ்.

[என் முதல் வரைவில் அவள் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை. ஆஸ்பத்திரி வேலை கைநழுவும் என்று தெரிந்தால் நான் பேசியிருக்க மாட்டேன், அவளும் பேசமாட்டாள் என்று எழுதினேன். ஆனால் நடந்தது அது இல்லை.]

5

"மேடம், நான் தப்பா சொல்லிட்டேன். இது முடிச்சு இல்ல, எலும்பு."

வெள்ளைக் காலணி பக்கத்தில் வந்தது. "அப்போ அவருக்கு வலி ஏன் குறைஞ்சுது?"

கண்டக்டர் என் முதுகிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

"மெதுவா நீவுறதை உணர்றதுக்குன்னே நரம்புங்க தோலுக்குள்ள இருக்கு. அதுங்க மூளைக்குச் சேதி சொல்லியிருக்கலாம். மூச்சு நிதானமானதுல உடம்பு பயத்தை விட்டிருக்கலாம். தானாவே குறையுற நேரமாகவும் இருந்திருக்கலாம். இதுல எதுன்னு எனக்குத் தெரியாது, மேடம். தெரியும்னு சொல்ல மாட்டேன்."

"அதை அவர்கிட்டயும் சொல்லுங்க."

வெறுங்கால்கள் மடங்கின. அவள் தரையில் மண்டியிட்டு, துளைக்குக் கீழே குனிந்து, அண்ணாந்து பார்த்தாள். இந்தக் கதையில் நான் கண்ட ஒரே முகம் அதுதான். வியர்த்திருந்தது.

"சார், உங்க தோள்ல முடிச்சு எதுவும் இல்ல. நான் தடவினது எலும்பு. ரெண்டு பக்கமும் இருக்கு, எல்லாருக்கும் இருக்கு. வலி ஏன் குறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தா பயப்படாதீங்க, டாக்டரைப் பாருங்க."

பிழைப்புக்காக நான் ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறேன். 'எனக்குத் தெரியல' என்று ஒரு வரி எழுதியதில்லை. அவள் அதைச் சொன்னபோது என் உடம்பு சிலிர்த்தது. அறியாத ஒன்றைச் செய்திருக்கிறோம், அது பலித்தும் இருக்கிறது, ஆனாலும் அதற்குப் பெயர் சூட்டிச் சொந்தம் கொண்டாட மாட்டேன் என்று ஒருத்தி தரையில் மண்டியிட்டுச் சொல்கிறாள். என் தோலுக்கு அடியில் எத்தனை வேலை நடக்கிறது, அதில் எவ்வளவு குறைவாக நமக்குத் தெரியும் என்று நினைத்து மலைத்துப்போனேன்.

6

முடிவு ஒன்று: தேர்வாளர் அவளைத் தேர்ச்சி பெறச் செய்கிறார். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் எலும்பை முடிச்சு என்றவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா? நாளை அவள் கைக்குக் கீழே வருவது முறிந்த எலும்பாக இருந்தால்?

முடிவு இரண்டு: தோற்கிறாள். சட்டப்படி சரி. அப்படியானால் அடுத்து வருகிறவள் வாயை மூடிக்கொள்வாள்.

முடிவு மூன்று: "தேர்வாளர் பேனாவைத் திறந்து

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. நான் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காத்திருந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் எனக்கு மனசு ஆறாது என்று தோன்றியது.

ஆகவே உங்கள் வலது கையை இடது தோளுக்கு மேலே போட்டு, விரல்களை முதுகுப் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள். அழுத்திப் பாருங்கள். ஏதோ ஒன்று கெட்டியாகத் தட்டுப்படும், லேசாக வலிக்கவும் செய்யும். அது முடிச்சுதான் என்று சத்தியம் செய்யத் தோன்றும். தோன்றிய பிறகு, அவளுக்கு மதிப்பெண்ணை நீங்களே போடுங்கள்.