வாலில் வெட்டுப்பட்ட இரண்டு வரிகள்

"வேன் மாமா தூங்கினதை யாரும்மா பார்த்தா?"

ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்த மகள், முந்தின நாள் நாளிதழும் கையுமாகக் கேட்டாள். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய பள்ளி வேன் ஒரு வீட்டுச் சுவரை இடித்த செய்தி அது. "ஓட்டுநர் கண்ணயர்ந்ததே விபத்துக்குக் காரணம்" என்று முடிந்திருந்தது.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்த நாளிதழில் அவள் உதவி ஆசிரியர். அந்தச் செய்தியைப் பக்கத்தில் அடக்கியவளும் அவள்தான். அங்கே நிருபர் நடந்ததை முதலில் எழுதிவிட்டு, யார் சொன்னார்கள் என்பதைக் கடைசியில் ஒட்டவைப்பார். விளம்பரம் வந்து இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர்கள் செய்தியை வாலிலிருந்து வெட்டுவார்கள். அப்படி அவள் வெட்டியதில் போனவை இரண்டு வரிகள்: 'இதைச் சொன்னவர் சுவரின் சொந்தக்காரர். பிரேக் பிடிக்கவில்லை என்கிறார் ஓட்டுநர்.'

வாசலில் ஹாரன் அடித்தது. வேறொரு வேன், புது ஓட்டுநர். பேப்பரிலேயே வந்துவிட்டதென்று பள்ளி பழையவரை நிறுத்திவிட்டதாம்.

கதவுக்குப் பின்னால் அவருடைய குடை தொங்கியது. ஒரு மழை நாளில், அவள் வேலை முடிந்து வரும்வரை மகளை அதன் கீழ் நிறுத்தி, தான் வெளியே நின்றவர் அவர். குடையை இவர்களிடமே விட்டுவிட்டு நனைந்துகொண்டே போனார். திருப்பித் தர அவள் மறந்தே போனாள்.

'சொல்ல வாய் வரட்டும்' என்று மட்டும் கடவுளிடம் கேட்டுக்கொண்டு அலுவலகம் போனாள். நிறுத்தி நிறுத்திப் பேசும் ஆசிரியருக்கு அங்கே 'காற்புள்ளி' என்று பெயர்.

"திருத்தம் போட்டா... நம்ம முகத்துல நாமளே... கரி பூசிக்கிற மாதிரிம்மா."

"அவர் முகத்துல நாம பூசியாச்சே சார். அதை யாரு தொடைக்கிறது?"

ஆசிரியர் அந்தப் பக்கத்தை இழுத்து இன்னொரு முறை படித்தார்.

"அதே பக்கத்துல போடு. ஒரு வரியும்... வெட்டாத."

அவள் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினாள். கண்ணயர்ந்தார் என்று சுவரின் சொந்தக்காரர் கூறினார். பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் கூறினார். எது சரி என்று இன்னும் யாரும் சோதிக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. கீழே யார் பெயரும் இல்லை.

திருத்தம் வந்த பிறகுதான் பள்ளி வேனைச் சோதித்தது. பிரேக் குழாயில் கசிவு. அடுத்த வாரம் பழைய ஹாரன் கேட்டது.

"செய்தி எழுதின நிருபர் தம்பிதான் மாமா வேலையக் காப்பாத்தினாராம், தங்கமான பிள்ளையாம். மாமாவே சொன்னாரு," என்றாள் மகள். யார் சொன்னது என்பதை இப்போதெல்லாம் அவள் விடுவதில்லை.

"ஆமா, நல்ல பையன்," என்றாள் அம்மா.

அன்று மாலை பள்ளித் தெருவில் வேன் ஆளில்லாமல் நின்றது. தூறல் போட்டது. குடையின் வளைந்த பிடியை ஓட்டுநர் பக்கக் கதவில் மாட்டிவிட்டு, அவள் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.