வாசலை மறித்த கார்

அம்மையைக் குளிப்பாட்டிய பலகையைக் கழுவிச் சாய்த்து வைக்கலாம் என்று ஜெயபாய் தேடிக்கொண்டு வந்தாள். அது வாசலில் நின்ற காருக்கு அடியில் கிடந்தது. அதன்மேல் மல்லாந்து படுத்திருந்தான் அவளுடைய அண்ணன் ஞானசிங். முட்டுக்குக் கீழே கால்கள் மட்டும் வெளியே நீண்டிருந்தன.

"அண்ணே, அது அம்மையைக் கெடத்துன பலகையாக்கும்."

"தெரியும் பிள்ளே. தரையெல்லாம் செளியும் சகதியுமா கெடக்கு. அந்தச் சின்ன ஸ்பானரை இஞ்ச தா."

அவள் தரவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த பஸ் டிரைவர் ததேயுஸ் எடுத்துக் கொடுத்தான்.

அம்மை செல்லபாய் முந்தின நாள் மதியம் இறந்துபோனாள். உடம்பில் நீர் கோத்துக்கொள்கிற நோய். காலும் வயிறும் வீங்கி, நெய்யூர் ஆஸ்பத்திரியில் எத்தனையோ தடவை நீர் எடுத்தும் மறுபடி ஊறிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோளில் மடிப்புக் கலையாத நேரியல் இல்லாமல் கோயில் படி ஏறாதவள், கடைசி மாதங்களில் தன் கையையே மோந்து மோந்து பார்த்தாள். "எனக்க உசிரு போச்சுன்னா, அவுக வரட்டும் இவுக வரட்டும்னு வச்சுக்கிட்டு இருக்காதீங்க மக்கா. நாறுததுக்கு முன்ன எடுத்துருங்க" என்று ஜெயபாயின் கையைப் பிடித்துக் கேட்டாள். வேறு எதுவும் அவள் கேட்டதில்லை. ஜெயபாய் சரி என்று சொல்லியிருந்தாள்.

காலையில் அடக்கம் என்று கோயில் மணி அடித்துச் சொல்லியாயிற்று. இப்போது வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. காரணம் இந்தக் கார்.

ஞானசிங்குக்குப் புதுக்கடைச் சந்தையில் கொப்பரை வியாபாரம். ஈஸ்டருக்கு முன்பு, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்து வெள்ளைக்காரனிடமிருந்து இதை வாங்கினான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சவப்பெட்டி காரில் போனது கிடையாது. அம்மை முதலாவதாகப் போவாள் என்று அவன் பெட்டி செய்த ஆசாரியிடம் சொன்னான், துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னான். காலையில் காரை வாசலுக்குள் செருகினாற்போல் கொண்டுவந்து நிறுத்தி, எல்லாரும் பார்க்கட்டும் என்று எஞ்சினை அணைத்தான். திரும்ப எஞ்சினைக் கிளப்ப செல்ஃபை மிதித்தபோது ஒரு சத்தமும் இல்லை. அதிலிருந்து இந்த வீட்டில் நடந்தது சாவு அல்ல, செல்ஃப்தான்.

"முன்னால கைப்பிடி போட்டுச் சுத்துனா எடுக்குமே மொதலாளி" என்று ததேயுஸ் அப்போதே சொன்னான். சுற்றியும் காட்டினான். எஞ்சின் எடுத்தது. ஞானசிங்தான் நிறுத்தினான்.

"பாட்டுக்குத் தக்கன பையப் போவும்போ வண்டி நின்னு நின்னு போவும். நிக்கும்போதெல்லாம் பெட்டிக்கு முன்ன எறங்கி நின்னு நான் சுத்தணுமா? ஊரு சிரிக்கும்வே. செல்ஃப் எடுக்கட்டும்."

பகல் வெளிச்சத்தில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃபை மிதித்தார்கள். விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை. அப்படியானால் பேட்டரி நல்லது, மோட்டாருக்குத்தான் கரண்டு போகவில்லை என்றான் ததேயுஸ். சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஸ்குரு டிரைவரால் சேர்த்துத் தொட்டார்கள். ஒரு பொறிகூட இல்லை. அப்படியானால் பழுது சுவிட்சில் இல்லை, மோட்டாருக்குள்தான். சுத்தியலால் மோட்டாரைத் தட்டி மிதித்தபோது அது ஒரே ஒருமுறை முனகி அடங்கியது. அதற்கு ஆண்கள் எல்லாரும் குனிந்து காது கொடுத்தார்கள். அம்மை ராத்திரியெல்லாம் முனகியபோது இவர்களில் ஒருவரும் இப்படிக் கேட்கவில்லை என்று ஜெயபாய் நினைத்தாள்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே கரண்டு கடத்தும் கரிக்கட்டைகள் தேய்ந்து தீர்ந்திருந்தன. கம்பிச் சுற்றும் கருகிப்போயிருந்தது. நாகர்கோவிலில் உடைந்து கிடந்த அதே ஜாதி வண்டியிலிருந்து வேறு மோட்டார் கழற்றிக்கொண்டு ததேயுஸ் வந்து சேர உச்சி தாண்டிவிட்டது. அதைத்தான் இப்போது மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயபாய் உள்ளே போனாள். பெட்டிக்குள் அம்மையின் முகம் உப்பியிருந்தது. மூக்குப் பஞ்சு நனைந்து நிறம் மாறியிருந்தது. மாற்றி வைத்தாள். வாசனைக்குத் தெளித்த ஓடிகோலோன் புட்டி காலி. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சுவரோரம் நகர்ந்து, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அழுவதுபோல் இருந்தார்கள். அம்மை பயந்தது இதைத்தான்.

ஞானசிங் தண்ணீர் குடிக்க வந்தான். இரண்டு கையும் முழங்கைவரை கரி. கொடியில் கிடந்த அம்மையின் வெள்ளை நேரியலை இழுத்து விரல்களைத் துடைத்துவிட்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் வைத்திருந்த வாழைக்குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தின்றான்.

"இன்னும் ரெண்டு போல்ட்டுதான். ராணி மாதிரி போவா அம்மை, பாத்துக்க."

"அம்மைக்கு வாடை எடுத்தாச்சு அண்ணே."

"கொஞ்சம் கோலோன் தெளி" என்று சொல்லி, வாய் நிறையப் பழத்தோடு வெளியே போனான்.

ஜெயபாய்க்குக் குமட்டியது. பஞ்சு மாற்றியபோதுகூட வராத குமட்டல். கூடப் பிறந்தவன் என்பதை நினைத்தபோது இன்னும் அதிகமாக வந்தது. நேராகக் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஏசுஅடிமையிடம் போனாள்.

"ஜெபம் பண்ணுங்க உபதேசியாரே. எடுத்துரலாம்."

"மவன் வராண்டாமா பிள்ளே?"

"அவரு வண்டிக்கு அடியில கெடக்காரு."

"மூடிக்கு ஆணி அடிக்க சத்தம் கேட்டா சண்டைக்கு வருவானே."

"அவுங்களும் அடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. கேக்காது."

உபதேசியார் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜெபபுஸ்தகத்தைத் திறந்தார்.

மூடிக்கு ஆணி அடித்து முடித்ததும் நான்குபேர் பெட்டியைத் தூக்கினார்கள். வாசலில் காருக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகிற இடம்தான் இருந்தது. அதில் ஞானசிங்கின் கால்கள். பெட்டியைத் தலைக்குமேல் உயர்த்தி, ஒருவர்பின் ஒருவராக அந்தக் கால்களைத் தாண்டினார்கள். ததேயுஸ் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தான், சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"ஆருவே காலை மிதிக்கது? தள்ளி நில்லும்! ஜெயா, இன்னும் அஞ்சு நிமிசம்னு உபதேசியாருட்ட சொல்லிரு."

ஜெயபாய் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அண்ணனின் கால்களைத் தாண்டினாள். வளைவு திரும்பும்வரை யாரும் பாட்டு எடுக்கவில்லை.

பெட்டியைக் குழிக்குள் இறக்கி, முதல் பிடி மண்ணை ஜெயபாய் போட்டபோது கல்லறைத் தோட்டத்து வாசலில் கார் வந்து நின்றது. எஞ்சினை அவன் அணைக்கவில்லை. ஜெபத்துக்கு நடுவே அது தடதடத்துக்கொண்டே இருந்தது. ஞானசிங் ஓடிவந்தான். கத்துவான் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். அவன் மூச்சு வாங்க அவள் காதருகே குனிந்தான்.

"செல்ஃப் எடுத்துட்டு பிள்ளே. ஒரே மிதிதான்."

அவன் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக் குழிக்குமேல் கையை விரித்தான். பாதி மண் விழவில்லை. கிரீஸில் அப்பிக்கொண்டு கையிலேயே நின்றது. உதறினான். மறுபடி உதறினான்.

"தள்ளி நில்லுங்க அண்ணே" என்றாள் ஜெயபாய். "மத்தவங்க போடணும்."