ரெபேக்காள் வீட்டு மாமரம்

தப்பு என்னுடையதுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தப்பைச் செய்தவளே அதைத் திருத்தவும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேனே, அதைத்தான் போடியில் பாதிப் பேர் திமிர் என்றார்கள். திமிர் என்றால் திமிர்தான். இப்போது என்ன அதற்கு?

நானும் என் வீட்டுக்காரர் மொக்கையனும் பதினாறு வருஷம் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருந்தவர்கள். அவர் மரம் கழிக்கிறவர். ஏலச்செடிக்கு முழு வெயிலும் ஆகாது, முழு நிழலும் ஆகாது. அதனால் வைகாசியில், மழை பிடிக்கும் முன்னால், நிழல் மரங்களில் ஏறிக் கீழ்க் கொப்புகளை எல்லாம் வெட்டி இறக்கிவிட்டு, உச்சியை மட்டும் குடை மாதிரி விட வேண்டும். ஒரு வருஷம் ஆள் பற்றாமல் போனபோது நான் ஏறுகிறேன் என்றேன். பொம்பளை மரம் ஏறலாமா என்று கங்காணி இழுத்தார். "ஏறுனா மரமா வலிக்குதுன்னு அழுகுது?" என்று கேட்டுவிட்டு, சேலைக்கு மேல் என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மரம் ஒதுக்குவார்கள்.

எழுபத்தொன்பதில் அவர் மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு போயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். தடி ஊன்றிச் சமதரையில் நாலு எட்டு நடப்பார், மலைச் சரிவு இனி ஆகாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு போடியில் ஒரு அறை பிடித்தோம். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் மரம் கழிப்பது. தெருத் தெருவாகப் போய், வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மா, கொய்யா, முருங்கை, வேம்பு எதுவானாலும் கழித்துத் தருகிறேன் என்று கேட்டேன். அவர் உட்கார்ந்த இடத்தில் அரிவாளுக்கும் ரம்பத்துக்கும் சாணை பிடித்துக் கொடுப்பார். இரண்டு வயிறு நிறைந்தது.

ரெபேக்காள் அக்கா வீட்டு மாமரத்தை நான் கழித்தது எண்பதாம் வருஷம், ஆனியில் காய் பறித்து முடித்த கையோடு. அக்காவுக்கு ஏலக்காய்க் கடை. மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் ஆள் நேர்மை. "நல்லா காத்தோட்டமா கழிச்சு விடு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டது. நான் கழித்தேன். எப்படி? பதினாறு வருஷம் கை பழகினபடி! கீழே தாழ்ந்து கிடந்த கொப்புகளை எல்லாம் இறக்கி, உச்சியில் குடை விட்டேன். கீழே நின்று பார்த்தால் அழகு என்றால் அப்படி ஒரு அழகு. நானே மெச்சிக்கொண்டேன். அந்த மரத்துக்கு அடியில் ஏலச்செடி இல்லை, ஓட்டு அடுப்படி இருந்தது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மறு வருஷம் காய்த்தது. அத்தனையும் எட்டாத உயரத்தில். அணில் தின்றது போக விழுந்ததெல்லாம் ஓட்டில் விழுந்தது. ஆனிக் கடைசியில் மேற்கேயிருந்து காற்று இறங்கியது பாருங்கள், பாரமெல்லாம் தலையில் இருந்த மரம் குடிகாரன் மாதிரி ஆடியது. ஒரு கொப்பு முறிந்து பன்னிரண்டு ஓட்டை நொறுக்கிவிட்டது. அடுப்படியில் அந்நேரம் ஆள் இல்லாதது யார் செய்த புண்ணியமோ!

அக்கா ஆள் அனுப்பவில்லை. நானாகக் கேள்விப்பட்டுத்தான் ஓடினேன்.

"வெள்ளிக்கெழம ஜக்கையன் வர்றான். அடியோட அறுத்துரப் போறான்" என்றது அக்கா. ஜக்கையன் விறகுக்கடைக்காரன். "உன்னைய ஏதும் சொல்லப் போறதில்ல. மரத்துக்கு நேரம் சரியில்ல, அம்புட்டுதான்."

அதோடு வாயை மூடிக்கொண்டு நான் வந்திருக்கலாம். நேரத்தின் மேல் பழி போட்டால் யாருக்கு நஷ்டம்? ஆனால் மரம் அறுபட்டால் அந்தத் தெருவே பார்க்கும். குருவம்மாள் கை வைத்த மரம் கடைசியில் விறகுக்கடைக்குப் போயிற்று என்று பேச்சு வரும். ஒரு வீடும் கூப்பிடாது. அப்புறம் நான் ஒருத்தி மட்டும் ஜீப்பேறித் தோட்டத்துக்குப் போக வேண்டியது. குனிந்து ஒரு செம்புத் தண்ணீர் எடுக்க முடியாத மனுஷன் இங்கே தனியாகக் கிடக்க வேண்டியது. அதை நினைத்ததும் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"நேரமும் இல்ல, காலமும் இல்லக்கா. நான்தேன் தப்பா வெட்டிட்டேன். ஏலக்காட்டு மரம் கழிக்கிற மாதிரி உங்க வீட்டு மாமரத்தக் கழிச்சுப்புட்டேன். கீழ விட்டு மேல வெட்டியிருக்கணும். நான் மேல விட்டுக் கீழ வெட்டிட்டேன். திரும்ப நானே சரி பண்றேன்."

"ஏன்டி, ஒருக்காக் கெடுத்தது போதாதா?"

"கெடுத்தவளுக்குத்தேன் எங்க கெட்டுச்சுன்னு தெரியும். ஜக்கையனுக்கு விறகு மட்டுந்தேன் தெரியும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தது. "ஏறித் தொல. விழுந்து வச்சா நான் பொறுப்பில்ல" என்றது.

மறுநாள் விடிந்ததும் ஏறினேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், நான் எந்த மூலை? மரத்தோடு என்னை வடத்தால் கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு பெருங்கொப்பையும் முதலில் அடியிலிருந்து கால்வாசி அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தேன். அப்படிச் செய்தால்தான் பட்டை உரியாமல் வரும். அறுத்ததைக் கயிற்றில் கட்டி ஓட்டில் படாமல் இறக்கினேன். ஒன்றரை ஆள் உயரத்துக்கு மரத்தைக் கொண்டுவந்து, மூச்சு விடுவதற்கு ஒரே ஒரு கொப்பை மட்டும் இலையோடு விட்டு, வெட்டுவாயில் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பினேன். இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கை இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

அக்கா மொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஜக்கையனே தேவல" என்றது.

ஆவணி பிறந்தது. தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்புக்காரன் தங்கப்பாண்டி வீட்டுக்கு வந்தான். "அக்கா, ஏலக்காய் எடுக்க ஆள் கேக்குறாக. தோட்டத்து லயத்து வீட்டுல உனக்கு எடம் இருக்கு. அண்ணனுக்கு எடம் இல்லயாம். கார்த்திகை வரைக்கும் சொல்லி வைக்கிறேன், அதுக்கு மேல என்னால முடியாது" என்றான். என் வீட்டுக்காரர் சாணைக்கல்லைப் பார்த்தபடியே, "போயிட்டு வா. நான் இருந்துக்கிருவேன்" என்றார். எங்கே இருப்பார்? "உங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றேன்.

புரட்டாசியில் மரம் துளிர்த்தது. துளிர்த்தது என்றால் அப்படி இப்படி அல்ல, வெட்டின ஒவ்வொரு கொப்பிலும் முப்பது நாற்பது கொழுந்து, செவேலென்று. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அக்காவுக்கு ஒரே பூரிப்பு. எனக்குக் காப்பி கொடுத்தது. "கைராசிக்காரிதேன்டி நீ" என்றது.

அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தால் என் பிழைப்பு அன்றைக்கே சரியாகியிருக்கும். ஆனால் அத்தனை கொழுந்தையும் விட்டால் எல்லாம் விளக்குமாறு மாதிரி ஒன்றை ஒன்று நெருக்கி மேலே ஓடும். மூன்று வருஷத்தில் பழையபடி தலைப்பாரம், பழையபடி ஓடு. கொப்புக்கு நாலு, நாலு திசை பார்த்து நிற்கிறதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தாக வேண்டும். ஒரு தரம் தெரியாமல் செய்தேன். தெரிந்தே இன்னொரு தரம் செய்ய எனக்கு மனசு வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

ஒரு கொப்பை முடித்து அடுத்த கொப்பில் பாதி எடுக்கும்போது அக்கா பார்த்துவிட்டது.

"அடிப்பாவி! என்னத்தடி பண்ற? பச்சப் புள்ள மாதிரி துளுத்து நிக்குது, அதப் போயி அறுக்குறியே! எறங்குடி!"

"இத எடுத்தாத்தேன் அக்கா..."

"எறங்குடிங்கிறேன்! இனி இந்த வாசப்படி மிதிக்காத!"

இறங்கினேன். பின்கதவை என் முகத்தில் அடித்துச் சாத்தியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானாலும் பரவாயில்லை, பாதிப் பிள்ளையாரோடு விட்டுவிட்டு வருவதா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஆராதனை முடிந்து வீடு வரும் நேரம் பார்த்துப் போனேன். வாசப்படியைத்தானே மிதிக்கக் கூடாது? சந்தில் நின்றேன். சுவருக்கு மேலே மரம் நன்றாகத் தெரிந்தது. தொண்டையைத் திறந்தேன்.

"அக்கோவ்! கெழக்குக் கொப்புல உள்ள பாத்து வளர்றது ஒம்பது இருக்கு! அத எடுத்துருங்க! வெளியப் பாத்து நிக்கிறதத் தொடாதீங்க!"

அடுத்த வாரமும் போனேன். "தெக்குக் கொப்புல ஒண்ணு மேல ஒண்ணா சாஞ்சு நிக்குது! கீழ உள்ளத வச்சுக்கிட்டு மேல உள்ளத எடுங்க!" சந்தில் உள்ளவர்கள் கதவைத் திறந்து சிரித்தார்கள். மரத்தோடு பேசுகிற கிறுக்கி என்றார்கள். சிரிக்கட்டுமே, பல் அவர்களுடையது. ஐப்பசி மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டும் போனேன். ஆனால் மற்ற வீடுகளில் சோலி நின்று போயிற்று. ரெபேக்காள் விரட்டிவிட்டதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கார்த்திகை முதல் வாரம் தங்கப்பாண்டி வந்து, திங்கட்கிழமை காலை கடைசி லோடு என்றான். சரி என்றேன். வேறென்ன சொல்வது? என் வீட்டுக்காரர் தட்டுத்தடுமாறி எழுந்து என் துணிகளை ஒரு பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. போகிற போக்கில் கடைசியாக ஒரு தரம் கத்திவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

சந்துக்குள் நுழைந்தால், பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே கடையில் மூட்டை அடுக்குகிற ஏணி மரத்தில் சாய்ந்து நின்றது. மரத்தைப் பார்த்தேன். கிழக்குக் கொப்பில் ஒன்பதும் இல்லை. தெற்கில் மேலே சாய்ந்தது இல்லை. நான் வாரா வாரம் கத்தின கணக்குக்கு ஒன்றும் பிசகாமல் எடுத்திருந்தது. மற்றதை எடுத்ததால் விட்டு வைத்த கொழுந்துகள் கட்டைவிரல் தடிமனில் இருந்தன.

அக்கா கையில் அரிவாளோடு நின்றது. "உன் தொண்டைய அடைக்கணும்னுதேன் மொதல்ல வெட்டுனேன்" என்றது. "வெட்டுன பக்கம் தெரட்சியா வருது. வெட்டாம விட்ட பக்கம் ஈர்க்குச்சியா நெட்டுக்குப் போகுது. நாந்தேன் அவசரப்பட்டுட்டேன்டி."

கிட்டப் போய் வெட்டுவாயைத் தடவிப் பார்த்தேன். அவ்வளவுதான், நாக்குத் திரும்ப வந்துவிட்டது.

"என்னக்கா இது! இப்படியா வெட்டுவாக? ரெண்டு விரக்கட கட்டைய விட்டு வெட்டியிருக்கீங்க! இதுல தண்ணி எறங்கி அழுகிப் போகாது?"

"அப்ப நீயே ஏறி வெட்டு! அந்த மேக்குக் கொப்பு எனக்கு எட்டவும் இல்ல. நாளைக்கு ஜீப்புல போறியாமே? நீ போயிட்டா இத யாரு பாக்குறது? எதுத்த வீட்டு அய்யம்மா இந்த மரத்தப் பாத்துட்டு அவுக கொய்யாவுக்கு உன்னையத்தேன் கேட்டுக்கிட்டுக் கெடக்கு."

மேற்குக் கொப்பில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நன்றாக அழுதேன். "என்னடி சத்தத்தையே காணோம்?" என்று கீழேயிருந்து அக்கா கேட்டது. "வெட்டுறேன்ல, சும்மா இருங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் பையைக் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அத அவுத்து வைங்க" என்றேன். "நாளைக்குக் கொய்யா மரம் இருக்கு. ரம்பத்துக்குச் சாணை பிடிக்கணும்."

அவர் பையை அவிழ்க்கவில்லை. தடியைக்கூட எடுக்காமல், தரையிலேயே நகர்ந்து நகர்ந்து போய், முதலில் சாணைக்கல்லை இழுத்து வைத்தார்.